கசக்கும்

ஏப்ரல், பேர்ன். விசாரணை அறையின் யன்னலை
யாரோ சாய்த்துத் திறந்துவிட்டிருந்தார்கள்.
வெளியே பேர்ச் மரம், காற்றில் மஞ்சள்.
மேசைக்கு அந்தப் பக்கம் ஏஷ்லிமன்,
இந்தப் பக்கம் அவர்,
குறுக்கே நான், இரண்டு பேருக்கும் வாய்.

அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.
கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன்.
பேரும் கூடாது, ஊரும் கூடாது.
அவர் 'நான்' என்றால் நானும்
ஜெர்மனில் 'நான்' என்றே சொல்ல வேண்டும்,
இதை மட்டும் சொல்லலாம்.
பதினோரு வருசமாக எத்தனையோ பேருடைய நானாக
இருந்திருக்கிறேன், மணித்தியாலக் கணக்கில்.

முதலில் மூக்கோரம் கடித்தது.
பேந்து இமைக்குள்ளே மணல்.
அவர் ஒரு கதவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது
(கதவு எல்லோருக்கும் பொது, அதனால் சொல்கிறேன்)
எனக்கு இரண்டு கண்ணாலும் ஓடத் தொடங்கிவிட்டது.
அவருடைய கண் காய்ந்துதான் இருந்தது.

ஏஷ்லிமன் கடதாசிப் பெட்டியை
அவரைத் தாண்டி என்னிடம் தள்ளினார்.
அவர் கதையை நிறுத்தினார்.
"அழாதைங்கோ அக்கா."

அறையில் பேசுவது எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதையும் பெயர்த்தேன்.
ஏஷ்லிமன் தட்டெழுதினார்.

என் வாயால் ஒன்று சொல்ல அனுமதி கேட்டேன்: மரம்.
தமிழிலும் சொன்னேன்: பூந்தூள், அலர்ஜி, வருசா வருசம்.
ஏஷ்லிமன் உடனே நம்பினார்.
அவருடைய மனைவிக்கும் இதுதானாம்.
மற்றவர் தலையாட்டினார்,
அவர் சொல்வதைக் கேட்டு
ஆட்கள் தலையாட்டுகிற மாதிரியே.

இடைவேளை.

தெருவுக்கு அப்பால் மருந்துக்கடை.
ஸ்பிண்டன் என்று நெஞ்சில் பெயர் குத்திய பெண்
டோர்ச் அடித்துப் பார்த்தாள்.
வலிக்கிறதா? இல்லை, கடி.
பீளை கட்டுகிறதா? வெளிச்சம் கூசுகிறதா? இல்லை.
லென்ஸ் போடுவீர்களா? இல்லை, கண்ணாடி.
அப்படியானால் இது போதும் என்றாள்.
கீழிமையை இழுத்தால் ஒரு சின்னப் பை வரும்.
அதற்குள் ஒரு துளி, காலையும் மாலையும்.
இரண்டு விட்டாலும் கண் ஒன்றைத்தான் பிடிக்கும்.
மூக்கோரத்தை விரலால் ஒரு நிமிடம் அமத்துங்கள்,
இல்லாவிட்டால் தொண்டைக்குள் இறங்கிக் கசக்கும்.
எவ்வளவு கடித்தாலும் கண்ணைக் கசக்காதீர்கள்.

அவள் சொன்ன இரண்டு வினைச்சொல்லும்
தமிழில் ஒரே உருவில் வந்து நின்றன.
கண்ணைக் கசக்கினால் எங்களுக்கு அது அழுகை
என்பது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கழிப்பறைக் கண்ணாடி முன் அண்ணாந்தேன்.
முதல் துளி கன்னத்தில் விழுந்து
நாடி வரைக்கும் போனது.
இரண்டாவது உள்ளே. எரிவு, பிறகு குளிர்.
ஒரு நிமிடம் எண்ணினேன்.
நாற்பதில் ஏஷ்லிமன் கூப்பிட்டார்.

பின்னேரம் வாசித்துக் காட்ட வேண்டும்.
இருபத்து மூன்று பக்கம்,
ஜெர்மனுக்குப் போன அவர் கதை
திரும்பத் தமிழுக்கு.
நல்ல மருந்து. கடி இல்லை, நீர் இல்லை.
ஒன்பதாம் பக்கத்தில் அந்தக் கதவு.
வாசித்தேன், காய்ந்த கண்ணோடு, தெளிவாக.
அவர் ஒருதரம் நிமிர்ந்து
என் முகத்தைப் பார்த்தார்.
எதையோ வைத்த இடத்தில் தேடுகிற பார்வை.
பிறகு மேசையைப் பார்த்தார்.

பத்தாம் பக்கம்:
விண்ணப்பதாரர் மொழிபெயர்ப்பாளரிடம், அழ வேண்டாம்.
குறிப்பு, ஒவ்வாமை.
"இது தேவையில்லையெண்டா வெட்டச் சொல்லலாம்" என்றேன்.
"இருக்கட்டும் அக்கா" என்றார்,
அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்து.
பக்கத்தின் அடியில் கையெழுத்து வைத்தார்.

போத்தலில் திறந்த திகதியை எழுத வேண்டும்,
நாலு கிழமையில் எறிந்துவிட வேண்டும்.
டிராம் தரிப்பில் நின்று எழுதினேன்.
அவருக்குக் கடிதம் வர அதைவிடக் காலமெடுக்கும்.
கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார்.

மாலைத் துளியை அங்கேயே விட்டேன்.
ஒன்பதாம் நம்பர் வந்துவிட்டது,
அமத்த நேரம் கிடைக்கவில்லை.
இரண்டு தரிப்பு தாண்டியதும்
தொண்டையில் இறங்கியது.